இந்திரஜாலின் விலையும் கோவிந்தின் பெயரும்

பழைய காமிக்ஸ் சேகரிப்பவர் கையில் ஓர் இதழைக் கொடுத்தால் அவர் கண் முதலில் போவது இதழ் எண்ணுக்கு. அடுத்து முதுகிலுள்ள பின் துருவேறியிருக்கிறதா, நடுப்பக்கம் கழன்றிருக்கிறதா, உள்ளே பேனாக் கிறுக்கல் உண்டா என்று புரட்டுவார். அப்புறம் விலை. இதை வரைந்தது யார் என்று கேட்பவர் மிக அபூர்வம். மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிள் நடைபாதைக் கடைகளில் நான் கேட்ட பேரங்கள் இந்த வரிசையில்தான் நடந்தன. சேகரிப்பது கலையைக் காப்பதற்காக என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். கலைஞனை விசாரிக்காத சேகரிப்பு எந்தக் கலையைக் காக்கிறது என்பதைக் கறாராக எடைபோட்டுப் பார்க்க வேண்டும். அதற்கு நம் பம்பாயிலேயே பிறந்த இந்திரஜால் காமிக்ஸைவிடப் பொருத்தமான வழக்கு எனக்குத் தெரியவில்லை.

டைம்ஸ் ஆஃப் இந்தியா நாளிதழை நடத்தும் பென்னட் கோல்மன் நிறுவனம் 1964 மார்ச்சில் இதைத் தொடங்கியது. போரிபந்தர் நிலையத்துக்கு எதிரே அவர்கள் கட்டடம். சயானிலிருந்து மத்திய ரயில்பாதையில் ஒன்பதாவது நிறுத்தம். லீ ஃபாக் எழுதிய ஃபேண்டம் கதை ஒன்று முதல் இதழாக வந்தது. ஆங்கிலம், இந்தி, மராத்தி, குஜராத்தி, வங்காளம், தமிழ் என்று பல மொழிகளில் பரவி, 1990இல் நின்றுபோகும்வரை 803 இதழ்கள் வெளியாயின. 1967இல் அமர் சித்ர கதாவைத் தொடங்கிய அனந்த் பை அதற்கு முன் டைம்ஸில்தான் வேலை பார்த்தார். இந்திரஜாலின் தொடக்கத்தில் அவருக்கும் பங்குண்டு. ஃபேண்டமோடு மான்ட்ரேக், ஃபிளாஷ் கார்டன், ரிப் கிர்பி, பஸ் சாயர் என்று அமெரிக்க நாளிதழ்ப் படக்கதை நாயகர்கள் வரிசையாக வந்தார்கள். இன்று ஐம்பது, அறுபது வயதுக்காரர்களின் குழந்தைப் பருவம் முழுவதும் இந்த இதழ்களின் வாசனை ஏறிக் கிடக்கிறது. விலை ஏறுவதற்கு முதல் காரணம் அதுதான். எடைபோடும்போது நான் முதலில் ஒதுக்கி வைப்பதும் அதைத்தான். சிறுவயதில் படித்தோம் என்பது நமக்குப் பெரிய விஷயம். அந்த இதழின் தரத்துக்கு அது சாட்சியாகாது.

முதல் குற்றச்சாட்டு கடுமையானது. ஃபேண்டம் 1936 பிப்ரவரியில் நாளிதழ்ப் பட்டையாகத் தொடங்கியது. சூப்பர்மேனுக்கு இரண்டு ஆண்டு மூத்தது. முதலில் வரைந்த ரே மூர் இருட்டை வரையத் தெரிந்தவர். காட்டின் இரவும் முகமூடிக்காரனின் நிழலும் அவர் தூரிகையில் ஒன்றோடொன்று கரையும். 1940களில் அவரிடமிருந்து வாங்கிக்கொண்ட வில்சன் மெக்காய் எளிய கோடுகளில் கதையை ஓட்டினார். 1961இல் வந்த சை பேரி உடற்கட்டு, உடை மடிப்பு, முகபாவம் எல்லாவற்றையும் திருத்தமாக்கி, 1994வரை வரைந்தார். இந்த மூவரும் வரைந்தது கறுப்பு மையில், தினம் மூன்று நான்கு கட்டங்கள் கொண்ட பட்டைகளாக. இந்திரஜால் அந்தப் பட்டைகளை வெட்டி, கட்டங்களைக் குறுக்கியும் நீட்டியும், பக்கத்துக்கு ஏற்ப அடுக்கியது. ஒதுக்கிய பக்கங்களுக்குள் கதை அடங்கவில்லை என்றால் கட்டங்களையே எடுத்துவிட்டது. வண்ணம் தட்டையாகப் பூசப்பட்டது. வங்காளத்தை நினைவூட்டுகிற பெங்கல்லா என்ற நாடு டெங்காலி ஆயிற்று. சிங் கடற்கொள்ளையர் சிங்கா ஆனார்கள். பெயர் மாற்றத்தை நான் குறையாகச் சொல்ல மாட்டேன், இந்திய வாசகர் மனம் புண்படாதிருக்கச் செய்த காரியம் அது. ஆனால் வெட்டி ஒட்டியதை மன்னிப்பது கடினம். சை பேரி ஒரு கட்டத்தில் கதவைத் திறக்கும் கையையும் அடுத்த கட்டத்தில் அறையையும் வரைந்திருந்தால், நடுவில் ஒன்றை உருவினால் போவது ஒரு படம் மட்டுமல்ல, படங்களுக்கிடையே அவர் வைத்த தாளமும் போகிறது.

இது எங்கும் நடந்ததுதானே என்று கேட்கலாம். நடந்தது. 1948இலிருந்து ஆஸ்திரேலியாவில் ஃபேண்டம் வெளியிட்டுவரும் ஃப்ரூ நிறுவனமும் பல ஆண்டுகள் கதைகளை வெட்டித்தான் போட்டது. 1980களின் இறுதியில் ஜிம் ஷெப்பர்ட் பொறுப்பேற்ற பிறகு, பழைய கதைகளைத் தேடியெடுத்து வெட்டாமல் மறுபடி அச்சிட்டார்கள். இந்திரஜால் அதே நேரத்தில் கடையை மூடிக்கொண்டிருந்தது. ஆகவே, ஃபேண்டம் கதையை முழுமையாகப் படிக்க விரும்புகிறவருக்கு இந்திரஜால் நம்பத்தக்க பதிப்பு அல்ல. ஃபாக்கையும் பேரியையும் நேசிக்கிறேன் என்று சொல்லி இந்திரஜால் வரிசைக்கு ஆயிரக்கணக்கில் கொட்டுகிறவர், தான் நேசிக்கும் ஓவியரின் சிதைந்த வடிவத்துக்கே காசு கொடுக்கிறார்.

இதோடு வழக்கு முடிந்திருந்தால் இந்திரஜாலை விட்டுவிட்டு நகர்ந்துவிடலாம். முடியவில்லை, அட்டைப்படங்கள் இருக்கின்றன.

முதல் ஐம்பது இதழ்கள் அளவுக்கு அட்டை வரைந்தவர் பி. கோவிந்த், அதாவது கோவிந்த் பிராமணியா. பின்னட்டையில் சுவரொட்டிபோல் முழுப்பக்க ஓவியம் ஒன்றும் வரும். அமெரிக்காவில் கோல்டு கீ நிறுவனம் அதே காலத்தில் ஃபேண்டமுக்குத் தீட்டிய அட்டைகளோடும், ஃப்ரூவின் அட்டைகளோடும் கோவிந்தின் அட்டைகளை அருகருகே வைத்துப் பார்த்தால், கூச்சப்படுவதற்கு நமக்கு எதுவும் இல்லை. உள்ளே மையில் வரைந்த கோட்டு உருவம். வெளியே வண்ணத்தில் தீட்டிய உடம்பு. தசையின் ஒரு பக்கம் வெளிச்சம், மறுபக்கம் நிழல். அதில் எடை இருக்கிறது. அடுத்தவர் உருவாக்கிய நாயகனை, அடுத்தவர் கதையின் ஒரு கணத்தை எடுத்து, புத்தகக் கடையில் தொங்கும்போது பத்தடி தூரத்தில் போகிற பையன் நின்று பார்க்கும்படி தீட்டுவது தனித் திறமை. பதிப்பகத்தின் வண்ணப் பூச்சு உள்ளே பறித்துக்கொண்டதை கோவிந்த் வெளியே திருப்பிக் கொடுத்தார். இந்திரஜாலில் வேறு எந்த நாட்டுப் பதிப்பிலும் கிடைக்காத பகுதி இந்த அட்டைகள்தான். சந்தையில் இவற்றை ‘ஆரம்ப கால எண்கள்’ என்று விற்கிறார்கள். அரிது என்பதால் விலை; கோவிந்த் தீட்டினார் என்பதற்காகக் கூடுதலாக ஒரு ரூபாய் கேட்ட வியாபாரியை நான் பார்த்ததில்லை.

கோவிந்தின் கை உள்பக்கங்களுக்கும் வந்தது. 1976இல் ஆபித் சூர்த்தி பகதூரை உருவாக்கினார். டோங்ரி சந்துகளில் வளர்ந்தவர், ஓவியர், எழுத்தாளர். தர்மயுக் வார இதழில் டப்பூஜி கேலிச்சித்திரம் வரைந்து பெயர் பெற்றவர். பின்னாளில் மீரா ரோட்டில் வீடு வீடாகப் போய் ஒழுகும் குழாய்களைச் சரிசெய்து தண்ணீர் காத்த மனிதரும் அவரே. போலீஸ் தோட்டாவுக்குப் பலியான கொள்ளைக்காரனின் மகன் பகதூர். அந்தப் போலீஸ் அதிகாரியே அவனை வளர்க்கிறார். வளர்ந்தவன் கிராம மக்களைத் திரட்டிக் கொள்ளையரை எதிர்க்கிறான். காவி நிறக் குர்த்தா, கீழே ஜீன்ஸ்; முகமூடியும் இல்லை, அதிசய சக்தியும் இல்லை. படம் கோவிந்த்.

இதை அளவுக்கு மீறிப் புகழவும் கூடாது. பகதூரின் சண்டைக் காட்சிகளின் அமைப்பில் அமெரிக்க நாளிதழ்ப் பட்டைகளின் பாடம் அப்பட்டமாகத் தெரிகிறது. கொள்ளையர் பிரச்சினைக்கு ஊர்க்காவல் படை என்ற தீர்வும் எளிமைப்படுத்தல்தான். நிலமும் சாதியும் பேசாமல் சம்பல் கொள்ளையர் கதை சொல்லிவிட முடியாது. என்றாலும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியது ஃபேண்டமோடு. அந்தக் கதையில் நானூறு ஆண்டுகளாக ஒரு வெள்ளைக்கார வம்சம் மண்டையோட்டுக் குகைச் சிம்மாசனத்தில் உட்கார்ந்து காட்டுவாசிகளுக்கு நீதி வழங்குகிறது. காட்டுவாசிகள் ஃபேண்டமைச் சாகாதவன் என்று வணங்குகிறார்கள். சுதந்திரம் கிடைத்துப் பதினேழே ஆண்டுகளில் இந்தக் கதையை இந்தியக் குழந்தைகள் கையில் கொடுத்தார்கள், நாமும் கைதட்டி வாங்கினோம். இதைச் சேகரிப்பாளர் கூட்டத்தில் சொன்னால் முகம் சுளிக்கிறார்கள். அதே இதழ், அதே அளவு, அதே தாள், அதே ஓவியரின் கை. அதற்குள் பன்னிரண்டு ஆண்டு கழித்து குர்த்தா போட்ட ஒருவன் கிராமத்து மக்களையே காவலாக்குகிறான். கலை வரலாற்றில் ஒரு திருப்பம் என்றால் இதைத்தான் சொல்ல வேண்டும். பின்பு ஜக்ஜித் உப்பல் எழுத்தில் பகதூர் தொடர்ந்தான்; கோவிந்தின் மகன் பிரமோத் பிராமணியாவும் வரைந்தார். ஆனால் சூர்த்தியும் கோவிந்தும் சேர்ந்து செய்த தொடக்கக் கதைகளின் வேகம் பிற்காலத்தில் குறைந்தது என்பது என் கணிப்பு.

தமிழர்களாகிய நமக்கு இந்த வழக்கில் இன்னொரு கிளை உண்டு. தாராவியிலும் கோலிவாடாவிலும் இருந்த நெல்லைக் குடும்பங்கள் கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போய்த் திரும்பும்போது, பெட்டிக்குள் கருப்பட்டியோடு முத்து காமிக்ஸும் வரும். 1972இல் சிவகாசியில் சௌந்தரபாண்டியன் தொடங்கியது. முல்லை தங்கராசன் ஆசிரியர். முதல் இதழே இரும்புக்கை மாயாவி. மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்து இரும்புக் கை மட்டும் தெரியும் அந்த மனிதனை நாம் தமிழனாகவே நினைத்துக்கொண்டோம். வரைந்தவர் பார்சிலோனாவில் பிறந்த ஹெசூஸ் பிளாஸ்கோ. 1962இல் லண்டனின் வேலியன்ட் வார இதழுக்காக அவர் வரைந்த பக்கங்கள் அவை. எழுத்து கென் பல்மர், பிறகு டாம் டல்லி. அன்றைய பிரிட்டிஷ் வார இதழ்களில் ஓவியர் பெயர் போடும் வழக்கமே இல்லை. லண்டனில் மறைக்கப்பட்ட பெயர் சிவகாசிக்கு எப்படி வந்து சேரும்? ஆகவே பிளாஸ்கோவின் பெயர் தெரியாமலேயே ஒரு தலைமுறைத் தமிழர்கள் அவருடைய கோட்டை மனப்பாடம் செய்திருந்தார்கள்.

இங்கே ஒரு விசித்திரம். தாளிலும் அச்சிலும் முத்து காமிக்ஸ் இந்திரஜாலுக்குப் பக்கத்தில் நிற்க முடியாது. ஆனால் ஓவியருக்கு விசுவாசம் என்ற ஒரே அளவுகோலை வைத்தால் முத்து முந்துகிறது. பெரும்பாலும் வண்ணம் பூசாமல் அச்சிட்டதால் பிளாஸ்கோவின் கறுப்பு கறுப்பாகவே வந்தது. அளவு குறுகியது, கோடு சில இடங்களில் மையில் அடைபட்டது, உண்மைதான். என்றாலும் முகத்தின் பாதியை இருட்டில் விட்டு மீதியில் பயத்தைக் காட்டும் அவர் வித்தை அந்தச் சாணித்தாளிலும் தப்பிப் பிழைத்தது. பணவசதி இல்லாததால் நேர்ந்த நன்மை என்றே வைத்துக்கொண்டாலும் விளைவு விளைவுதான்.

1984இல் சௌந்தரபாண்டியனின் மகன் விஜயன் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். அதில் வந்த ஸ்பைடர் நினைவிருக்கிறதா? கூர் காதும் கரிய உடையுமாக, முதலில் குற்றவாளிகளின் சக்கரவர்த்தியாக இருந்து பிறகு நல்லவனாக மாறியவன். வரைந்தவர் ரெஜ் பன். தொடக்கக் கதைகளுக்குப் பிறகு தொடரின் பெரும்பகுதியை எழுதியவர் ஜெர்ரி சீகல், ஜோ ஷூஸ்டருடன் சேர்ந்து சூப்பர்மேனைப் படைத்த அதே சீகல். 1938இல் இருவரும் சூப்பர்மேன் உரிமையை 130 டாலருக்கு எழுதிக் கொடுத்தார்கள். வழக்காடித் தோற்றார்கள், வேலை இழந்தார்கள். 1960களில் சீகல் பிரிட்டிஷ் வார இதழுக்குப் பெயரில்லாமல் எழுதியது அந்தக் கஷ்டத்தின் தொடர்ச்சி. 1975இல்தான் அமெரிக்கப் பதிப்பகம் அவர்களுக்கு வருடாந்தர ஓய்வூதியமும் பெயரும் தந்தது. சூப்பர்மேன் முதன்முதலில் தோன்றிய ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழின் ஒரு பிரதி 2024இல் 60 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அந்த 130 டாலர் அடங்கிய காசோலைத் தாளே 2012இல் 1,60,000 டாலருக்கு விற்றது. வரைந்தவனுக்கும் எழுதியவனுக்கும் கிடைக்காததை அவர்கள் கையெழுத்திட்ட தாள் சம்பாதித்தது. கேப்டன் அமெரிக்காவைப் படைத்த இருவரில் ஒருவரான ஜாக் கிர்பி, தான் வரைந்த பக்கங்களைத் திரும்பப் பெறவே 1980களில் ஆண்டுக்கணக்கில் போராட வேண்டியிருந்தது. உலகச் சந்தையின் இந்த அநீதியைப் படித்துக் கொதிக்கிற நம் சேகரிப்பாளர்கள், தங்கள் அலமாரியில் கோவிந்தின் பெயரும், லயன் அட்டைகளை வரைந்த மாலையப்பனின் பெயரும் எங்கே இருக்கின்றன என்று ஒருமுறை தேடிப் பார்க்கட்டும்.

சேகரிப்பாளருக்கு ஆதரவான வாதம் வலிமையானது. அதைக் குறைத்துச் சொன்னால் நான் நியாயம் தவறியவன் ஆவேன். இந்த இதழ்கள் நாற்பது ஆண்டு நிற்கும் என்று நினைத்து யாரும் அச்சிடவில்லை. மலிவுத் தாள் தன் அமிலத்தாலேயே பழுப்பேறி நொறுங்கும். நம் ஊர்க் காற்றின் ஈரத்தில் பின் துருப்பிடித்துத் தாளைத் தின்னும். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மி.மீ. மழை கொட்டியபோது மித்தி ஆற்றோரம் முழுக்கத் தரைத்தள வீடுகளில் இருந்த புத்தகம், சான்றிதழ், புகைப்படம் எல்லாம் கூழாயின. சயான், குர்லா, தாராவி மக்களுக்கு அதை விவரிக்கத் தேவையில்லை. மழையில் போகாதது பழைய பேப்பர் வாங்கும் ரத்திக் கடைக்கு எடைக்குப் போனது. அந்த நிலையில் ஒவ்வோர் இதழையும் பிளாஸ்டிக் உறையிலிட்டு, கரையான் பார்த்து, பரண் மாற்றிப் பாதுகாத்தவர்கள் தனிமனிதர்கள். பிற்பாடு முழு வரிசையும் கணினியில் படிக்கக் கிடைத்ததென்றால் அவர்கள் தங்கள் பிரதியைப் பிரித்து ஒவ்வொரு பக்கமாக நகலெடுத்ததால்தான். எண்ணைத் துரத்தும் வெறி இல்லாவிட்டால் கோவிந்தின் ஓர் அட்டைகூட நமக்கு மிஞ்சியிருக்குமா என்பது சந்தேகமே.

இதை முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் அந்த வெறியின் இன்றைய போக்கு கவலை தருகிறது. பக்கங்கள் கணினியில் கிடைக்கத் தொடங்கிய பின், அசல் இதழை வைத்திருப்பதற்கான காரணம் மாறிவிட்டது. கதைக்காக அசல் தேவையில்லை. அட்டையின் உண்மை வண்ணம், அச்சின் தடம், தாளின் அளவு, விளம்பரங்கள், யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்ற சுவடு, இவற்றுக்காகத்தான் தேவை. சந்தையோ இவற்றில் கடைசியைத் தண்டிக்கிறது. வாடகை நூலக முத்திரை இருந்தால் விலை பாதி. முதல் பக்கத்தில் பெயர் எழுதியிருந்தால் குறை. நான்கு இதழைச் சேர்த்துத் தைத்துப் பைண்டு செய்திருந்தால் ஓரம் வெட்டுப்பட்டது என்று தள்ளிவிடுகிறார்கள். உள்பக்கம் அந்தப் பைண்டிங்கால்தான் பிழைத்தது என்பதைப் பார்ப்பதில்லை. செம்பூரிலோ மாட்டுங்காவிலோ ஒரு சின்ன வாடகை நூலகத்தின் ஊதா முத்திரை, திருப்பித் தர வேண்டிய தேதிகளின் பட்டியல், இவைதான் அந்த இதழை எத்தனை பேர் படித்தார்கள் என்பதற்கு மிஞ்சிய சாட்சி. யாரும் தொடாத பிரதியில் அந்தச் சாட்சி கிடையாது. அட்டை போன இதழுக்கு வண்ண நகல் அட்டை ஒட்டி அசல் என்று விற்கும் ஏமாற்று வேலையும், தொடாத பிரதிக்கே மதிப்பு என்ற இந்த எண்ணத்தில்தான் தழைக்கிறது.

எண் வரிசை முழுமை என்ற கனவைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்திரஜாலின் 123, 124 எண்கள் வேலைநிறுத்தத்தால் வெளியாகவே இல்லை. பிற்காலத்தில் எண் முறையையே மாற்றித் தொகுதி, இதழ் என்று கணக்கிட்டார்கள். பதிப்பகமே எண்ணைப் புனிதமாக நினைக்கவில்லை. 803இலும் தரம் ஒன்றல்ல. ஃபிளாஷ் கார்டனை வரைந்த டான் பேரி, சை பேரியின் அண்ணன். சகோதரர் இருவரும் ஒரே இந்திய இதழில் மாறி மாறி வந்த அந்த இதழ்களை எண்ணைப் பார்க்காமல் அருகருகே வைத்தால் கற்றுக்கொள்ள நிறைய உண்டு. 1980களின் பல இதழ்கள் இட நிரப்பிகள். அவற்றையும் முதல் ஐம்பதையும் ஒரே பட்டியலில் கட்டம் போட்டு ‘கிடைத்தது’ என்று குறிப்பது கணக்குப்பிள்ளை வேலை.

என் தீர்ப்பு இது. ஃபேண்டம் கதைக்கான பதிப்பு என்ற முறையில் இந்திரஜால் தோற்கிறது; அதற்காக அதற்குப் பெரும் விலை கொடுப்பது தவறான மதிப்பீடு. கோவிந்தின் அட்டைகள் தாங்கிய ஆரம்ப இதழ்கள், முத்திரையோ கிழிசலோ இருந்தாலும், இந்திய அச்சு ஓவிய வரலாற்றில் காக்கப்பட வேண்டியவை. சூர்த்தியும் கோவிந்தும் படைத்த பகதூர் அவற்றுக்கும் மேலே நிற்கிறது, ஏனெனில் அதில் கதையும் கோடும் இங்கே பிறந்தவை. இன்றைய சந்தையில் அது ஃபேண்டமைவிட மலிவாகக் கிடைப்பது சேகரிப்பாளர்களின் கண் எங்கே இருக்கிறது என்பதைக் காட்டுகிறது. எழுபதுகளின் முத்து காமிக்ஸை பிளாஸ்கோவுக்காகவே வாங்கலாம். மீதி எல்லாம் அவரவர் பால்ய நினைவு; அதற்கு விலை வைக்க எனக்கு உரிமையில்லை.

சேகரிப்பாளர் பட்டியல்களில் எண், மாதம், விலை, நிலை என்று நான்கு பத்திகள் இருக்கின்றன. ஐந்தாவதாக ஓவியர் என்று ஒரு பத்தி சேர்க்க வேண்டும். எந்த அட்டை யாருடையது என்று இப்போதே ஒப்பிட்டு எழுதிவைக்க முடியும். கையொப்பம், தூரிகைப் பாணி, அன்று பதிப்பகத்தில் வேலை பார்த்தவர்களின் நினைவு எல்லாம் இன்னும் ஓரளவு மிஞ்சியிருக்கின்றன. 803 இதழையும் அலமாரியில் வைத்திருப்பவர்களால் மட்டுமே இந்த வேலையைச் செய்ய முடியும். அதைச் செய்கிறவரின் அலமாரியை நான் ஆவணக்காப்பகம் என்று ஒப்புக்கொள்வேன். செய்யாதவருடையது எவ்வளவு முழுமையாக இருந்தாலும் சரக்கிருப்புதான்.